அறுப்புக்கு முந்திய பொங்கல்

தைப்பொங்கலை அறுவடைத் திருநாள் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று ஒட்ட மறுக்கிறது. பள்ளிக்கூடக் கட்டுரையில் அப்படித்தான் எழுதினோம். வானொலியும் தொலைக்காட்சியும் அப்படித்தான் வாழ்த்துகின்றன. அரசு விடுமுறைப் பட்டியலில் தை மூன்றாம் நாளுக்கு உழவர் திருநாள் என்றே பெயர். ஆனால் தை முதல் நாள் காலையில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வீரவநல்லூர் வழியாகச் சேரன்மகாதேவிக்கு வந்து பாருங்கள். கன்னடியன் கால் பாய்கிற வயலெல்லாம் பச்சை. முந்தி நட்டது கதிர் தள்ளிக்கொண்டிருக்கும்; பிந்தி நட்டது பொதி கட்டிக்கொண்டிருக்கும். வரப்போரம் தண்ணீர் நிறைந்து நிற்கும், மலையிலிருந்து இறங்குகிற பனி கதிர்த்தாளில் சொட்டும். அரிவாளுக்கு அங்கே வேலையில்லை, களம் வெறிச்சென்று கிடக்கும். எந்த நெல்லை அறுத்துவிட்டு, எந்தப் புத்தரிசியைக் குத்திவிட்டு இந்த வீடுகளின் வாசலில் பொங்கல் பொங்குகிறது? பானையில் விழுகிற அரிசி போன வருஷத்து மாசி, பங்குனியில் அறுத்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார் நெல்லாக இருக்க வேண்டும். இரண்டுமே புதிதல்ல. இப்போது பெரும்பாலும் கடை அரிசி, அல்லது நியாயவிலைக் கடையில் கரும்போடு சேர்த்துக் கொடுக்கிற அரிசி. அது எந்த ஊர் வயலில் விளைந்தது என்று பொங்குகிறவர்களுக்குத் தெரியாது.

தாமிரபரணிப் பாசனத்தின் கணக்கு வேறு. ஆனி, ஆடியில் பொதிகையில் தென்மேற்குப் பருவமழை பெய்து ஆறு பெருகும்போது ஒரு பூ, அது கார். ஐப்பசியில் வடகிழக்குப் பருவம் இறங்கிக் குளங்கள் நிரம்பும்போது மறு பூ, அது பிசானம். 1917இல் ஹெச். ஆர். பேட் தொகுத்த திருநெல்வேலி மாவட்ட விவரச்சுவடியும் இந்த இரண்டு பருவங்களைத்தான் பேசுகிறது. கோடைமேலழகியானில் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டுகள், ஏறக்குறைய 86,000 ஏக்கர். எல்லாமே இந்த இரண்டு பருவத்தை நம்பித்தான் நிற்கின்றன. பிசானத்துக்குப் பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் மடை திறந்தால் மார்ச் கடைசி வரைக்கும் தண்ணீர் விடச் சொல்லித்தான் ஆணை வரும். மார்ச்சு வரைக்கும் தண்ணீர் வேண்டியிருக்கிற பயிரை ஜனவரி நடுவில் யார் அறுப்பார்கள்? கார் அறுப்பு ஆவணி, புரட்டாசியில். பிசான அறுப்பு மாசி, பங்குனியில். இரண்டுக்கும் நட்டநடுவில், பத்தயம் பாதிக்குமேல் காலியாகிப்போன ஒரு பருவத்தில் வந்து நிற்கிறது தை முதல் நாள்.

காவிரிப் பாசனத்தில் சம்பா தையில் பழுக்கிறது. அந்த ஊர்க் கதிரைக் கொண்டுவந்து பாடப்புத்தகம் தமிழ்நாடு முழுக்கக் கட்டிவிட்டதோ என்று ஒரு காலத்தில் நினைத்தேன். அப்படி எளிதாகச் சொல்லிவிட முடியவில்லை. எங்கள் பழைய திருநெல்வேலி மாவட்டத்துக்குள்ளேயே ஆற்றை விட்டு வடக்கே போனால், சங்கரன்கோவில், கோவில்பட்டிக் கரிசலில் புரட்டாசியில் விதைத்த மானாவாரிக் கம்பும் சோளமும் உளுந்தும் தையை ஒட்டி வீடு வந்து சேர்கின்றன. அங்கே அறுவடைப் பொங்கல் என்று சொன்னால் பொருந்துகிறது. ஆக, நெல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு பண்டிகையின் பிறப்பைத் தேடுவதே ஆற்றுப் பாசனக்காரனின் கர்வமாக இருக்கலாம். கர்வமோ என்னவோ, ஆற்றங்கரை வீடுகளும் அதே நாளில்தானே பொங்குகின்றன என்ற கேள்வி தீரவில்லை. புது நெல்லுக்கு நாள் குறித்துக் கொண்டாடத் தெரியாத மக்கள் அல்ல இந்தப் பக்கத்து மக்கள். மலைக்கு அந்தப்புறம் சபரிமலையிலும், தெற்கே கன்னியாகுமரி பகவதி கோயிலிலும் நிறைபுத்தரிசி என்று தனியாக ஒரு பூசை உண்டு. ஆடியை ஒட்டி முதல் கதிர் வருகிறபோது கதிர்க்கட்டைத் தலையில் சுமந்து கொண்டுபோய்ச் சாமிக்குப் படைத்துவிட்டு ஆளுக்கு நாலு கதிரைப் பிரித்துக்கொடுப்பார்கள். அதை வீட்டு நிலையில் கட்டுவார்கள். அங்கே பண்டிகையும் பயிரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. எங்கள் பள்ளத்தாக்கின் தைப்பொங்கலில் அந்தப் பார்வை இல்லை.

சூரியனைக் கேட்டாலும் நேரான பதில் இல்லை. பொங்கல் சூரியனுக்கு, வடக்கே திரும்புகிற சூரியனை வரவேற்கிற நாள் என்கிறார்கள். சூரியன் வடக்கே திரும்புவது மார்கழியில், டிசம்பர் 21 அல்லது 22இல். மகர சங்கராந்தி வருவதற்கு அதன்பிறகு மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாளாக இந்த விலகல் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் நின்று சுமார் 1,700 ஆண்டுகள் ஆகின்றன. அதாவது வானத்தில் காரணம் நகர்ந்துபோன பிறகும் பண்டிகை இருந்த இடத்திலேயே இருக்கிறது. நெல்லோடும் ஒட்டவில்லை, சூரியனோடும் ஒட்டவில்லை. ஆனாலும் விடியுமுன் எழுந்து, கார்த்திகை அடைமழையில் நனையாமல் பரணில் காத்து வைத்திருந்த காய்ந்த பனையோலையைக் கீழே இறக்கி, கிழக்கே பார்த்து அடுப்பு மூட்டுகிற பெண்ணின் கையில் தயக்கம் கொஞ்சமும் இல்லை. ஒருமுறை வீரவநல்லூர்ப் பக்கம் வரப்பில் களை பறித்துக்கொண்டிருந்த ஒரு வயதான ஆச்சியிடம் இதைக் கேட்டேன். “அறுப்புக்கும் பொங்கலுக்கும் என்னய்யா சம்மந்தம்? பயிரு நல்லபடியா வீடு வந்து சேரணும்னுல்லா பொங்குதோம்,” என்று நிமிராமலே சொன்னாள். அவளுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. எனக்கு அன்றைக்கெல்லாம் வேறு வேலை ஓடவில்லை.

அவள் பேச்சைக் கையில் வைத்துக்கொண்டு பொங்கல் இலையைத் திரும்பவும் பார்த்தேன். மண்ணைப் பிடித்துக் காயவைத்து, வெள்ளையடித்துக் காவிப்பட்டை போட்ட மூன்று அடுப்புக்கட்டிகள். மஞ்சள் குலை கட்டிய பானை. ஐந்து முகமும் ஏற்றிய குத்துவிளக்கு, பக்கத்தில் நிறைநாழி. நாழியில் நிறைந்திருப்பது பழைய நெல். விளக்குக்கு முன்னால் தலைவாழை இலையில் வேகவைக்காத காய்கள்: அவரை, கத்தரி, பூசணிக்கீற்று. காய்களைவிட அதிகமாக இடம் பிடித்திருப்பவை கிழங்குகள். மண்ணோடு சேனை, மயிரடர்ந்த சேம்பு, பிடிகருணை, வள்ளி, சிறுகிழங்கு, கட்டுக்கட்டாகப் பனங்கிழங்கு. நெல்லையில் சிறுகிழங்கு இல்லாத பொங்கல் இல்லை. பொங்கலுக்கு முந்தின நாள் டவுன் மார்க்கெட்டில் அதைச் சாக்குச் சாக்காகக் கொட்டி வைத்திருப்பார்கள். விரல் நுனியளவு கிழங்கு. ஒவ்வொன்றாகத் தோல் சீவி முடியாது என்பதால், கோணிச் சாக்கில் போட்டுக் கல்தரையில் தேய்த்து உருட்டுவார்கள். தோல் கழன்ற பிறகும் கண்களில் கறுப்பு ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டிச் சுரண்டிப் பெண்களின் பெருவிரல் கறுத்துப்போகும். பொங்கல் கழிந்து பல நாள் கழித்தும் அந்தக் கறை போகாது. வேகும்போது கிளம்புகிற மண்வாசம் வேறெந்தக் கிழங்குக்கும் வராது. இலையில் இருக்கிற இவையெல்லாம்தான் உண்மையில் அந்தப் பருவத்தில் பூமியிலிருந்து பறித்தெடுத்தவை. அறுவடை என்று ஒன்று இருந்தால் அது இதுதான். மண்ணுக்கு மேலே ஆடுகிற கதிர் அல்ல, அடியில் கிடந்த கிழங்கு.

பனங்கிழங்கை நினைத்தால் இது இன்னும் உறுதிப்படுகிறது. ஆடி, ஆவணியில் விழுந்த பனம்பழத்தின் கொட்டைகளைப் பொறுக்கி மணலில் பாத்தி கட்டி நெருக்கமாக அடுக்கி மூடுகிறார்கள். உடன்குடி, சாத்தான்குளத் தேரிகளின் செம்மணல் அதற்கு வாகானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டை முளைவிட்டு, முளை மேலே வராமல் கீழே இறங்கி, மாவுச்சத்தைச் சேர்த்துக்கொண்டு கிழங்காகிறது. மார்கழியில் தோண்டுகிறார்கள். தோண்டும்போதே கொட்டையை இரண்டாகப் பிளந்தால் உள்ளே பஞ்சுபோல வெளுத்த தவுண். பிள்ளைகள் அதற்காகவே பாத்தியைச் சுற்றி நிற்பார்கள். கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலை உரித்து, நடுவில் இருக்கிற பீலியை உருவிப்போட்டு, நரம்பை இழுத்து எறிந்துவிட்டு, மாவு மாவாக உதிர உதிரத் தின்ன வேண்டும். இந்தக் கிழங்குக்கு யாரும் தண்ணீர் பாய்ச்சவில்லை, மடை திறக்கச் சொல்லி மனு கொடுக்கவில்லை. நிலம் இல்லாதவனும் பொறுக்கிய கொட்டையைப் புதைத்து இதை எடுத்துவிடலாம். ஆற்றின் நஞ்சையை வைத்திருந்தவர்களின் பண்டிகையாக இருந்திருந்தால் இலையின் நடுவில் இத்தனை உரிமையோடு இது படுத்திருக்குமா? தேரியின் பனையேறிகளும் ஆற்றங்கரையின் வெள்ளாமைக்காரர்களும் வேறெந்த நாளிலும் ஒரே இலையில் சந்தித்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது பனைக்காடுகளில் பெரும்பகுதி அந்தப் பக்கம் போய்விட்டது. இன்றைக்கும் மார்கழி பிறந்துவிட்டால் பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குக் கிழங்கு வண்டிகள் அங்கிருந்துதான் வருகின்றன.

இந்தக் கிழங்குகளைப் பற்றி முதலில் என் கண்ணைத் திறந்தவர் தொ. பரமசிவன். பெருங்கோயில்களின் மடைப்பள்ளி சேர்த்துக்கொள்ளாத கிழங்குகள் பொங்கல் இலையில் முதன்மை பெறுவதை ‘அறியப்படாத தமிழக’த்தில் அவர் எழுதியிருக்கிறார். நெல்லைப் பகுதியில் பொங்கலன்று ஒரு வீட்டில் சாவு விழுந்தாலும், அடக்கம் செய்துவிட்டு, வீட்டைக் கழுவிப் பொங்கலிட்டுவிடுகிற வழக்கத்தையும் அவர்தான் கவனப்படுத்தினார். பிறப்புத் தீட்டும் இறப்புத் தீட்டும் தொடாத நாள் அது. அவர் 2020 டிசம்பர் 24 அன்று பாளையங்கோட்டையில் மறைந்தார்; மார்கழியின் முன்பாதி, பொங்கலுக்கு மூன்று வாரம் இருந்தது. அவர் சொன்ன இரண்டாவது செய்தி என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. களிப்புக்கான நாள் என்றால் துக்கத்துக்கு அஞ்சி ஒதுங்கியிருக்கும். தீபாவளியைச் சாவு நடந்த வீடுகள் வருஷம் முழுக்கத் தள்ளிவைக்கின்றனவே. துக்கம் நடுவீட்டில் இருக்கும்போதே செய்துதீர வேண்டிய ஒன்று கொண்டாட்டமாக இருக்க முடியாது. அது ஒரு கடமை, அல்லது ஒரு வேண்டுதல். வயலில் பயிர் சூல்கொண்டு நிற்கிறது. அதற்கு ஆகவேண்டியதை அன்றைக்குச் செய்யாவிட்டால் பிறகு செய்ய முடியாது. ஆச்சி சொன்னதும் இதுதானே என்று தோன்றுகிறது. ஆனால் இதற்குச் சான்று என்ன என்று ஒருவர் கேட்டால் என் கையில் ஓலைச்சுவடியோ கல்வெட்டோ இல்லை. ஒரு இலையும் ஒரு வழக்கமும் ஒரு ஆச்சியின் வாய்மொழியும்தான் இருக்கின்றன.

சிறுவீட்டுப் பொங்கலையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மார்கழி முழுக்க வாசலில் கோலத்தின் நடுவே சாணிப் பிள்ளையார் பிடித்து, பூசணிப் பூவோ பீர்க்கம் பூவோ செருகி வைப்பார்கள். வெயில் ஏறியதும் பூவோடு சேர்த்து அதை வட்டமாகத் தட்டிச் சுவரில் அப்பிக் காயவைப்பார்கள். தை பிறந்து பெரிய பொங்கல் முடிந்தபின் ஒரு நாளில், முற்றத்தில் மணலாலும் களிமண்ணாலும் ஒரு சிறிய வீடு எழும்பும். அடுக்களை, பட்டாசாலை, முன்வாசல் எல்லாம் முழங்கால் உயரச் சுவர்களோடு. சில வீடுகளில் வெறும் கோலமாவுக் கோட்டோடு. சிறுமிகள் அதற்குள் உட்கார்ந்து தங்கள் பானையில் தாங்களே பொங்குவார்கள். பெரியவர்கள் கூப்பிட்ட கைக்கு உதவலாம், அடுப்பைத் தொடக்கூடாது. சாயங்காலம் பொங்கலையும் பூ வரட்டிகளையும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். கொக்கிரகுளத்துப் படித்துறையில் நான் பார்த்திருக்கிறேன்: வாழைமட்டையில் வரட்டியை வைத்து, மேலே சூடம் கொளுத்தி, ஓட்டத்தில் தள்ளிவிட்டு, அது சுழியில் மாட்டாமல் போகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகள். மாட்டிக்கொண்டால் ஒருத்தி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிக் குச்சியால் தள்ளிவிடுவாள். சங்கப் பாட்டுகளில் தைந்நீராடுகிற இளம்பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் நோற்றது நல்ல துணைக்காக. மழைக்கும் நாட்டு வளத்துக்கும் அந்த நோன்பில் இடமிருந்தது. அந்த நீராட்டின் எச்சம்தான் இது என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியை ஒரே தாவலில் கடக்கிற துணிச்சல் எனக்கு வரவில்லை. இதைமட்டும் சொல்லலாம்: அங்கேயும் கேட்பவர்கள் பெண்கள், இங்கேயும் கேட்பவர்கள் பெண்கள், கேட்பது தண்ணீரிடம், கேட்கிற மாதம் தை.

நெல் இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல என்பதையும் மறக்க முடியாது. சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்மணிகளின் உமியைக் கதிரியக்கக் கரிம முறையில் ஆய்ந்து, அது கி.மு. 1155ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று 2021இல் அறிவித்தார்கள். நாளிதழ்கள் பெருமையோடு தலைப்பிட்டன, எனக்கும் பெருமைதான். அந்த நெல் இருந்த இடம்தான் என்னை நெடுநேரம் உட்காரவைத்தது. பானைக்குள், இறந்தவரோடு. உண்பதற்கும் முளைப்பதற்கும் உரியதை எடுத்து, திரும்பி வராதவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நெல்லையப்பர் கோயிலின் தலக்கதையிலும் நெல் ஆபத்தில்தான் இருக்கிறது. வேதசர்மா நைவேத்தியத்துக்காகக் காயப்போட்ட நெல்லை மழை சூழ்கிறது. சாமி வேலியிட்டுக் காக்கிறார். அந்த நிகழ்ச்சியைக் கோயிலில் நடத்திக்காட்டுவது தைப்பூசத் திருவிழாவின் நான்காம் நாளில். பூசத்தன்று சாமியும் அம்மனும் கைலாசபுரத்து ஆற்றங்கரையில் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார்கள். 2021 முதல் தைப்பூசத்துக்கும் அரசு விடுமுறை உண்டு. அது முருகனுக்காக விட்ட விடுமுறை. இந்த ஊரின் தைப்பூசத்துக்குள் நனைய இருந்த நெல்லின் கதை ஒன்று இருப்பது விடுமுறை எடுக்கிற எத்தனை பேருக்குத் தெரியும்? காப்பாற்று என்று கேட்பதுதான் இந்த மாதத்தின் குரல் என்று நான் எண்ணுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2023 டிசம்பர் 17, 18இல் அந்தக் குரல் எடுபடவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயல்களில் ஆறு ஏறி நின்றது. வடிந்தபோது பிசான நாற்று இருந்த இடத்தில் மணல். வாழைகள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. குளக்கரைகள் உடைந்து போயிருந்தன. நான்கு வாரம் கழித்துத் தை பிறந்தது. அறுவடைத் திருநாள் வாழ்த்துகள் வழக்கம்போல் கைபேசியில் வந்து குவிந்தன. அந்த வருஷம் அவற்றைத் திறந்து பார்க்க எனக்குக் கசந்தது. ஆனால் வெள்ளத்தில் அடுப்புக்கட்டி கரைந்துபோன வீடுகளிலும் செங்கல்லை அடுக்கிப் பானை ஏற்றினார்கள். வயலில் பயிர் இல்லாதவர்களும் பொங்கினார்கள். அறுத்ததற்கு நன்றி சொல்கிற நாள் என்றால் அன்றைக்கு அவர்கள் பொங்க ஒரு காரணமும் இல்லை. வேண்டுகிற நாள் என்றால் அதைவிடப் பெரிய காரணம் வேறென்ன வேண்டும்?

அப்படியென்றால் இந்தப் பள்ளத்தாக்கில் அறுப்பு முடிந்ததைக் கொண்டாடவே இல்லையா என்று தேடினால் பங்குனி உத்திரத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. பிசானம் களத்துக்கு வந்து, வைக்கோல் படப்பு ஏறிய பிறகு, நெல்லைச் சீமைக்காரர்கள் எங்கே இருந்தாலும் சாஸ்தாவைத் தேடி வருகிறார்கள். சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வருகிறார்கள். காரையாற்றுச் சொரிமுத்தையனாரில் தொடங்கி, எத்தனையோ சாஸ்தா கோயில்கள் குளக்கரையிலும் வாய்க்காலோரத்திலும் வயல்காட்டு நடுவிலும்தான் இருக்கின்றன. தண்ணீருக்குக் காவல் நிற்கிற இடங்கள். அங்கேயும் பொங்கல்தான் வைக்கிறார்கள். அந்தப் பொங்கலில் அறுத்த நெல் இருந்திருக்க முடியும். எந்தப் பாடப்புத்தகமும் அதை அறுவடைத் திருநாள் என்று எழுதவில்லை. தையில் கேட்டதற்குப் பங்குனியில் கொடுத்துக் கழித்தார்களோ என்று எண்ணிப் பார்க்கிறேன். அப்படி எண்ணும்போதே வேறொரு நெருடல் தலைதூக்குகிறது. சாஸ்தா தகப்பன்வழியில் வருகிற தெய்வம்; கல்யாணமான பெண் புருஷன் வீட்டுச் சாஸ்தாவுக்குத்தான் போயாக வேண்டும். தைப்பொங்கலுக்கோ அவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொங்கல்படி வருகிறது: பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை, ஒரு சாக்குக் கிழங்கு. பூசாரி இல்லை, கோயில் இல்லை. விளக்கேற்றுவது முதல் குலவையிடுவது வரைக்கும் அவள் கையில். பயிர் நிற்கும்போது கேட்கிற வேலை அவளுக்கு. அறுத்த பிறகு காணிக்கை செலுத்துகிற வரிசையில் பெயர் ஆணுக்கு. கிழங்கு இருந்த நாளுக்கு நெல்லின் பெயரைச் சூட்டியதும் இதே கைதானா என்பதை வீரவநல்லூர் ஆச்சி போன்றவர்களிடம் இன்னும் நிறையக் கேட்டாக வேண்டும். அவளுக்குப் பொங்கல்படி எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார்கள், எந்த வருஷத்தோடு நின்றுபோனது என்றுகூட அன்றைக்கு நான் கேட்கவில்லை.